எதிரில் நின்று பார்த்தவள்

தங்கைக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன். நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ மிகவும் நலமாக, மிகவும் கெட்டிக்காரியாக இருப்பதாக உங்கள் பல்கலைக்கழகத்து மேடமே எனக்கு போன் செய்து சொல்லிவிட்டார்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் நாலு வார்த்தை திட்டினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். கடைசியில் நானே உன்னிடம் மன்னிப்புக் கேட்டு போனை வைத்துவிட்டு, சமையலறையில் நின்று பல்லைக் கடிப்பேன். பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து நமக்குள் இதுதான் நடக்கிறது. காகிதத்துக்கு உன் அழுகை கேட்காது. அதனால் இந்த முறை நான் திட்டி முடிக்கும்வரை நீ படித்தே ஆக வேண்டும்.

போன வாரம் பேச்சோடு பேச்சாக, "காலேஜ்லேருந்து யாராவது போன் பண்ணா எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுக்கா, சும்மா பொதுவா விசாரிப்பாங்க" என்றாய். விடுதி சம்பந்தமாக ஏதாவது இருக்கும் என்று நானும் தலையை ஆட்டினேன். மேடம் கூப்பிட்டபோது அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் கரண்டி, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலிலேயே வைத்தேன். ஆகவே கேட்டது நான் மட்டும் இல்லை. அதையும் தெரிந்துகொள்.

மேடம் மரியாதையாகத்தான் பேசினார். வகுப்பறைக்கு வெளியே ஒருவர் செய்த வேலையையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் விளக்கமாக எழுதிக் கொடுத்து, நேரில் பார்த்த ஒருவர் உறுதி சொன்னால், அதையும் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு கிரெடிட் கொடுப்பார்களாம். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதை நீ எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். "உங்க தங்கச்சி படிக்கிறவங்க மனசு கலங்கற மாதிரி எழுதியிருக்காங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று கொஞ்சம் படித்தும் காட்டினார்.

படுக்கைப் புண் வராமல் இருக்க, ராத்திரியிலும் எழுந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தாயாம். யாருடி திருப்பிப் படுக்க வைத்தது? லீவுக்கு வந்தால் நீ புரண்டு படுத்துப் பத்து மணிவரை தூங்குவாய், அதைச் சொல்கிறாயா? அவரால் சொல்ல முடியாததைக் குரலை வைத்தே புரிந்துகொள்ளப் பழகினாயாம். அப்பாவுக்கு மிஞ்சியிருப்பது 'சரி' என்கிற ஒரே ஒரு சொல். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், ஜன்னலைச் சாத்துவதற்கும் அதுதான். எது எதற்கு என்று பிரித்தறிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் எத்தனை முறை தப்பாகப் புரிந்துகொண்டு அவரை அழவைத்திருக்கிறேன். அதை எல்லாம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன்னிடம் சொல்லித்தான் ஆற்றிக்கொள்வேன். கேட்பதற்கு எனக்கு வேறு யார் இருந்தார்கள்? நீயும் 'ம், ம், அப்புறம்' என்று கேட்டாய். நீ பாடம் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரே ஓர் இடம்தான் இடிக்கிறது என்றார் மேடம். அப்பாவின் வலது பக்கம் செயலிழந்தது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். சாப்பாட்டை எப்போதும் வலது கன்னத்தில்தான் வைத்து ஊட்டுவேன் என்று இன்னோரிடத்தில் எழுதியிருக்கிறாய். அவர் ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவராம். "வேலை செய்யாத பக்கத்துல வெச்சா புரை ஏறுமே, எழுதும்போது கை தவறிடுச்சா?" என்று கேட்டார்.

கை தவறவில்லை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான் ஊட்டுவது இடது கன்னத்தில். நீ கட்டிலின் கால்மாட்டில், எதிரே நின்று பார்ப்பாய். எதிரே நிற்பவளுக்கு அவருடைய இடது கன்னம் தன் வலது கைப் பக்கம்தானே தெரியும். பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிவிட்டாய். ஒரே ஒரு வாய் நீ ஊட்டியிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது.

அதோடு விட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. என்னைப் பற்றி எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். மேடம் கொஞ்சம் தேடிப் பார்த்தார். 'வீட்டில் உறவினர் ஒருவர் அவ்வப்போது உதவினார்' என்று இருக்கிறதாம். சாட்சி என்ற இடத்தில் மட்டும் 'அக்கா' என்று போட்டு என் நம்பரைக் கொடுத்திருக்கிறாய். என் வேலையை எடுத்துக்கொண்டாய், சரி. அதை நீதான் செய்தாய் என்று சொல்வதற்கும் என்னையே நிறுத்தினாய் பார், அந்தத் தைரியம் உனக்கு எங்கிருந்து வந்தது? அக்கா விட்டுக்கொடுக்க மாட்டாள் என்ற நினைப்பில் வந்தது. என்னைக் கேட்காமலேயே என்னை நம்பியிருக்கிறாய். இதைவிட நீ கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். அவருக்குப் பேச்சு போனதே தவிர காது போகவில்லை. மேடம் 'மகள் தனியாளாக' என்று படித்த இடத்தில் ஒரு 'சரி' சொன்னார். இத்தனை நாளில் நான் கேட்டிராத ஒன்று. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை, கிண்ணம் அப்படியே இருந்தது. நான் மேடத்திடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய் அவரைப் படுக்க வைத்துவிட்டு, துணிகளை அலசிப் போட்டுவிட்டு வந்தேன். கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது. மறுபடி உட்கார்ந்ததும் உன் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்து ஏறிவிட்டது. இதனால் நான் கற்றுக்கொண்டது பொறுமை, அன்பு, தியாகம் என்று முடித்திருக்கிறாயாமே.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பெற்ற அப்பாவையே வெறுக்க முடியும் என்று கற்றுக்கொண்டேன். குளிப்பாட்டிப் புதுத்துணி மாற்றிய அடுத்த நிமிஷம் அவர் நனைத்துவிட்டால், மொட்டைமாடிக்குப் போய்ச் சத்தமில்லாமல் கத்திவிட்டு வரக் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்து சிரித்த முகத்தோடு மறுபடி மாற்றக் கற்றுக்கொண்டேன். அந்தச் சிரிப்பு பொய் என்று அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்க அவரும் கற்றுக்கொண்டார். டாக்டர் ரெண்டு நிமிஷத்தில் எழுந்துவிடுவார், அதற்குள் எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தெரிந்துகொண்டேன். அத்தை வந்து முன்னறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து, "பெரியவ வீட்டுல சும்மாதான இருக்கா, பாத்துக்கட்டும்" என்று சொன்னால், காபி டம்ளரை அவள் தலையில் கவிழ்க்காமல் கையில் கொடுக்கவும் கற்றுக்கொண்டேன். இதில் பொறுமை எங்கே இருக்கிறது, தியாகம் எங்கே இருக்கிறது? இரண்டாம் வருஷத்தோடு கல்லூரியை விட்டு வந்தபோது யாரும் என்னைத் தியாகம் செய்கிறாயா என்று கேட்கவில்லை. நீ அப்போது பள்ளிக்கூடம், அம்மா இல்லை, நான்தான் இருந்தேன்.

போன் வந்த மறுநாள் மேடத்தை நானே கூப்பிட்டேன். நீ எழுதியது பொய் என்று சொல்லவில்லை. பயப்படாதே. கன்னத்தைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. வேறு ஒன்று கேட்டேன். பாதியில் படிப்பை விட்ட ஒருத்தி, கல்யாணம் ஆகாதவள், வீட்டில் இருப்பவள், அவளும் இப்படி எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொடுக்கலாம் என்றார். படித்த இரண்டு வருஷமும் வீணாகாது, அதோடு இதையும் சேர்த்தால், வீட்டில் இருந்தபடியே மீதியைப் படித்துப் பட்டம் வாங்கலாம் என்றார். அத்தை 'சும்மா' என்று சொன்ன வருஷங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறதடி.

பிறகு அவரே மெதுவாக ஒன்று சொன்னார். ஒரே ஆளைப் பார்த்துக்கொண்ட ஒரே வேலைக்கு இரண்டு பேருக்குக் கிரெடிட் தர முடியாதாம். முதலில் எழுதிக் கொடுத்தவருக்கு உறுதியாகிவிட்டால், அடுத்தவருடையதை எடுக்க மாட்டார்களாம். கன்னத்தைப் பற்றிய கேள்வியை மறுபடி கேட்கவில்லை. யார் செய்தது என்று அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வாரக் கடைசியில் மறுபடி கூப்பிடுவதாகவும், அப்போது நான் சொல்வதை வைத்து முடிவெடுப்பதாகவும் சொன்னார். "நீங்க சொல்றதுதான், வேற யாரையும் நாங்க கேக்கப்போறதில்லை" என்றார்.

இந்தக் கிரெடிட் இல்லாவிட்டால் உனக்குப் படிப்பு இந்த வருஷம் முடியாது என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரியில் சம்பளம் இல்லாமல் பயிற்சிக்குப் போகிறார்கள், நீ சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட நிற்பதால் போக முடியவில்லை. அதுவும் தெரியும். அக்காவுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்றுதான் அந்த வேலைக்குப் போனாய். அதை நினைத்தும் கோபம் குறையவில்லை. முட்டாளே, அதை எழுத வேண்டியதுதானே? வரிசை நீண்டு ஆட்கள் கத்தும்போது எப்படிச் சமாளிக்கிறாய், பழைய சரக்கை முன்னால் தள்ளச் சொன்ன மேனேஜரிடம் எப்படி மறுத்துப் பேசினாய், கால் வீங்கிப்போய் நின்றது, அழாமல் அழுதது, எவ்வளவு சொல்லியிருக்கிறாய் எனக்கு. நீ படிப்பது ஆஸ்பத்திரி நிர்வாகம். நோயாளிகள் வரிசையும் வரிசைதானே. அது உன் உழைப்பு. அதற்கு நான் வேண்டுமானால் எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்கிறேன். உனக்கு உன்னுடையது கேவலமாகத் தெரிந்ததா? என்னுடையது மட்டும் அழகாகத் தெரிந்ததா?

நான் எழுதிக் கொடுப்பதானால் எனக்கும் ஒரு சாட்சி வேண்டுமாம். யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வருகிறவர் ஆறு மாசத்துக்கு ஒருவராக மாறிவிடுகிறார். அத்தை முன்னறையைத் தாண்டியதில்லை. அப்பாவைக் கேட்டால் நல்ல வேளை, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொல்வார். மிஞ்சியது நீ ஒருத்திதான். ஒரு லீவில் குளியலறையில் அப்பாவின் முழு எடையும் என்மேல் சாய்ந்து, நான் சுவரோடு நசுங்கி நின்றபோது, கையில் துண்டோடு வாசலில் நின்றாயே. உதவி செய்யவும் தெரியாமல், போகவும் மனசில்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு உன்னைக் கோபித்தேன். இன்றைக்கு அப்படி நின்று பார்த்த ஒரே ஆள் நீதான் என்று தோன்றுகிறது.

எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டேன். இனி ஒன்றுதான் பாக்கி, அதை எழுத எனக்கே அவமானமாக இருக்கிறது. மேடம் கூப்பிடுவதற்குள் உன் கட்டுரையை நீயே திரும்ப வாங்கிவிடு. ஏனென்றால் நீ வாங்காவிட்டால், அவர் கேட்கும்போது என் வாயில் 'ஆமாம் மேடம், என் தங்கைதான் செய்தாள்' என்றுதான் வரும். இவ்வளவு திட்டியும் அதுதான் வரும். எனக்கு என்னைத் தெரியும். உனக்கும் தெரிந்துதான் என் நம்பரைக் கொடுத்தாய். நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாகப் படித்து நல்லபடியாக இரு. என்னை மட்டும் அதைச் சொல்ல வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா