ராணியின் உலர்ந்த சாக்கு

சின்னம்மா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் அழகுபடுத்த மாட்டேன். இன்று பொழுதுபடும் நேரம், ராணி படுக்கும் சாக்கை அம்மா கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். சவர்க்கார வாசனை மட்டும்தான். அவர் முகம் வாடிவிட்டது.

நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்தச் சாக்கின் நாற்றத்துக்காக உங்களுக்கு எத்தனை ஏச்சு! குட்டி போடாதிருக்கச் சத்திரசிகிச்சை செய்த பிறகுதான், ராணி படுத்த இடமெல்லாம் அவள் அறியாமலே நனையத் தொடங்கியது.

"இந்த நாயப் பாலத்துக்கு அங்கால கொண்டு விட்டுட்டு வாடி!" என்று அம்மா கத்துவார்.

"நாறினா என்னக்கா? உசிரோட கிடக்கிறாள் எண்டுதானே அருத்தம்" என்றபடி நீங்கள் கிணற்றடியில் சாக்கை அலசுவீர்கள். ஒருநாள் என்னையும் கூட்டிப்போய், அம்மாவுக்குத் தெரியாமல் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்தீர்கள்: "தாயே, இவள்ட நீர நிப்பாட்டித் தா."

போன மாரியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. சாக்கு என் வேலையாயிற்று. கொஞ்சக்காலம் ராணியின் வருத்தம் வைத்தியர் தந்த குளிசைக்குக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. நேற்று மிருக வைத்தியர் அவள் வயிற்றைத் திறந்து, பின்னால் சரிந்திருந்த சிறுநீர்ப்பையின் கழுத்தை முன்னால் இழுத்துத் தைத்தார். எனக்குப் படம் கீறிக் காட்டினார். இன்று காலை, நீர் போக வைத்திருந்த குழாயைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பும்போது, "வீக்கத்தில நீர் அடைச்சாலும் அடைக்கும். ராச்சாப்பாட்டுக்கு முன்ன பெய்யாட்டி உடன கொண்டு வாங்க" என்றார்.

இதுவரை ஒரு சொட்டும் இல்லை. குந்துகிறாள், முக்குகிறாள், எங்களைப் பார்த்துவிட்டு எழும்பிவிடுகிறாள். அப்பா ஓட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். உங்கள் நேர்த்தியை அம்மாவிடம் சொன்னேன். சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டார்.

"அளவு சொல்லாம நேர்ந்திட்டாளே மனே, உன்ட சின்னம்மா! அம்மன் முழுசா நிப்பாட்டிப்போட்டா."

அதனால் சாமிப் படத்தின் முன் நின்று நான் திருத்திக் கேட்டேன்: நிற்கவேண்டிய நேரம் நிற்கட்டும், போகவேண்டிய நேரம் போகட்டும்.

சாக்கை அலசும்போதெல்லாம் உங்கள் சொல்லை நினைத்துத்தான் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டேன். இன்று அந்த நாற்றம் வராதா என்று காத்திருக்கிறேன்.

முற்றத்தில் ராணி மறுபடி குந்துகிறாள்.

"எல்லாரும் முழிச்சிப் பாத்துக்கொண்டு நிண்டா எப்பிடிப் பெய்வாள்? அவளும் பொம்புளப்புள்ளதானே. இருட்டில பெய்யட்டும், லைட்ட நூத்துடு மனே" என்கிறார் அம்மா.

முற்றத்து விளக்கை நூர்த்துவிட்டேன். இந்த மேசை விளக்கையும் நூர்க்கிறேன்.