அப்பாவின் எடை ஏறவே இல்லை

மார்ச் 4
அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களில் யார் ஒரு மாதத்துக்குள் திரும்ப வந்து படுப்பார் என்று ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் ஜோசியம் சொல்லுமாம். அப்பாவுக்குச் சிவப்பு. "வருவாருன்னு நிச்சயமில்ல, கவனமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அப்பா காதில் 'சிவப்பு' மட்டும்தான் விழுந்தது.
"என்னையே ஃபெயிலாக்குதா? பாத்துடறேன்."
தினமும் காலையில் நர்ஸ் அக்கா போனில் எடை கேட்பார். சட்டென்று ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது, இதயம் திணறுகிறது என்று அர்த்தமாம்.

மார்ச் 9
எழுபத்திரண்டு. நேற்றும் அதே, முந்தாநாளும் அதே. இது எடையா, வீட்டு நம்பரா?

மார்ச் 11
பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு எடை பார்க்கிறார். என்ன ராணுவ ரகசியமோ! இந்த வெயிலில் சாக்ஸ் வேறு. கேட்டால், "ஸ்டைல்டி." மாடிப்படியில் பாதியில் நின்று போட்டோவை ரசிக்கிறார். போட்டோவில் இருப்பது அவரேதான்.
எடையில் ஏதோ தில்லுமுல்லு என்று அம்மாவிடம் சொன்னேன். "நீ பண்ற வேலையெல்லாம் எல்லாரும் பண்ணுவாங்களா?"
நான் பண்ற வேலை... அம்மா எடை பார்க்கும்போது பின்னாலிருந்து கால் கட்டைவிரலால் மெஷினை அழுத்தி இரண்டு கிலோ ஏற்றிவிடுவேன். ஏற்ற முடிந்தால் இறக்கவும் முடியும்தானே?
போய்ப் பார்த்தேன். மெஷினுக்குப் பக்கத்திலேயே வாஷ்பேசின். மெஷினில் ஏறி அதில் கையை ஊன்றினேன். நொடியில் இளைத்துவிட்டேன்.
அடப்பாவி அப்பா!

மார்ச் 12
மெஷினை ஹால் நடுவில் வைத்தேன். பிடித்துக்கொள்ள அங்கே காற்றுதான் உண்டு. நர்ஸ் அக்கா ஸ்பீக்கரில்.
"இது என்ன கண்காட்சியா?"
"ஏறுங்கப்பா, டிக்கெட் இலவசம்."
ஏறினார். இடது கை தானாகப் பக்கவாட்டில் போய், ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தது. எழுபத்தைந்தரை.
"கால்ல அமுக்கிப் பாரும்மா" என்றார் அக்கா.
சாக்ஸைக் கழற்றி அமுக்கினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது. எனக்கு ஒரு ஜோக்கும் வரல.
"உடனே கூட்டிட்டு வாங்க."
காரில் அப்பா பேசியது ஒரே ஒரு பேச்சு: "அந்தக் கம்ப்யூட்டரை ஜெயிக்க வெச்சுட்டியேடி."

மார்ச் 13
என்னோடு பேச மாட்டாராம். ஆஸ்பத்திரிப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். மூடிக்கட்டும். ஒழுங்கா மூச்சு விட்டா போதும்.

மார்ச் 18
நேற்று வீட்டுக்கு வந்தாச்சு. மெஷின் ஹாலிலேயே கிடக்கிறது. காலையில் வெறுங்காலோடு வந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறினார்.
"போலீஸம்மா, படிங்க."
குனிந்து படித்தேன். எழுபத்தொன்றரை. நர்ஸ் அக்காவுக்குச் சொன்னேன். அப்புறம் மெதுவாக அவர் பின்னால் போய் நின்றேன்.
"உன் கால் எங்க இருக்கு?" திரும்பாமலே கேட்டார்.
"தரையிலதான்பா."