எவென்ட்டுவெல்லுக்கு நான் சொன்ன அர்த்தம் தப்பு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நீ நலமா என்று நிதானமாகக் கேட்க இன்று மூச்சுவிட நேரமில்லை, நலமாகவே இரு. ஆறு தடவை போன் அடித்துவிட்டேன், நீ உன் போனை லாக்கரில் போட்டுவிட்டுப் பல் செட் செய்யும் லேபுக்குள் வேலைக்குப் போயிருப்பாய். வெளியே வந்ததும் இந்த மெயில்தான் முதலில் கண்ணில் பட வேண்டும். சாயங்காலம் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்போகிறேன் என்றாயே, கொடுக்காதே.

புது லேப்காரர்கள் ஜெர்மனில் எழுதிய கடிதத்தில் நிரந்தர வேலைக்கு முன்னால் 'எவென்ட்டுவெல்' என்று ஒரு சொல் இருந்ததல்லவா, நீ அர்த்தம் கேட்டாய், நானும் பெரிய பண்டிதை மாதிரி, அது இங்கிலீஷ் இவென்ச்சுவலிதான்டா, கடைசியில கண்டிப்பா கிடைக்கும்னு அர்த்தம், தைரியமா விடுன்னு சொல்லிவிட்டேன். தப்புடா. காலையில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சொற்களுக்கு வேர் தேடும் எங்கள் ஆன்லைன் சொல்வேட்டைக் குழுவில் இதைப் பெருமையாகப் போட்டேன். அக்கா, இதை யாருக்கும் சொல்லித் தொலைச்சிடலையேன்னு ஒருத்தி கேட்டாள். அதற்குக் கீழே அவள் எழுதிய விளக்கத்தைப் படித்துக்கொண்டே ஒரு லென்ஸின் ஓரத்தைக் கூடுதலாகத் தேய்த்து வீணாக்கினேன்.

லத்தீனில் அதன் வேருக்கு வெளியே வருவது என்று பொருள், அதாவது விளைவு. இங்கிலீஷ் அதைக் கடைசியில் வருவது என்று பிடித்துக்கொண்டது, ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு எல்லாம் வந்தால் வரும் என்று பிடித்துக்கொண்டன, ஸ்பானிஷில் தற்காலிகத் தொழிலாளிக்கே அந்தச் சொல்தான். நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், வாஷிங் மெஷின் கேட்டால் அப்பா மூன்று வருடமாகச் சொல்கிறாரே, பாக்கலாம் பாக்கலாம்னு, அதுதான் இது. அதை நம்பி, கையில் இருக்கிற வேலையை விடுவார்களா. அப்பாவிடம் சொன்னேன், உன்னைப் போய்க் கேட்டான் பாரு, அவனைச் சொல்லணும் என்றார், அப்புறம் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார்.

வேலை உண்டா இல்லையா, எந்தத் தேதியிலிருந்து, இரண்டையும் புது லேப்காரர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. ஒருவேளை காலையிலேயே கொடுத்துத் தொலைத்திருந்தால் நேராக மேலாளரிடம் போய், எங்கம்மா அர்த்தம் தப்பாச் சொல்லிட்டாங்க, கடிதத்தைத் திருப்பிக் குடுங்கன்னு கேள், கூச்சப்படாதே, சிரித்தால் என்னைத்தானே சிரிப்பார்கள். லேபில் பல் செட்டைத் தேய்க்கும்போது மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிடாதே, தூசி நெஞ்சில் இறங்கும்.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். கொடுத்தாயா இல்லையா, அதை மட்டும் முதலில் எழுது, திட்டுவதை அடுத்த வரியில் வைத்துக்கொள்.

போனைக் கையை விட்டுக் கீழே வைக்காமல்,
உன் அம்மா