குணாவின் பெயர் இல்லாத கேசட்

என் செல்லத் தம்பி குணாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். லோரி ஓட்டிய கை, பேனா வழுக்குகிறது. இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது. ஆனாலும் எழுதிவிட்டேன் பார்! கிள்ளான் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் நான்தான் மூத்த மாணவன். பிஸ்கட் டின், மருந்துப் பெட்டி, கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தம் போட்டுப் படிக்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் போன வாரம் உங்கள் 'கப்பல் சங்கு' குழுவின் கேசட்டை எடுத்தேன். அதன் அட்டையையும் சத்தம் போட்டுப் படித்தேன்.

பண்டமாரானில் நம் வீட்டுப் பின்னால் நீயும் உன் கூட்டாளிகள் இருவரும் ஆரம்பித்த காலம் நினைவிருக்கிறதா? கித்தாரை ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்து, அது அலறும்வரை நிற்பாய். அந்த அலறலுக்கு அடியில் தாலாட்டு மாதிரி ஒரு மெட்டு ஓடும். பக்கத்து வீட்டு ஆன்டி வேலியோரம் வந்து கத்துவார்.

"டேய், ஆடு அறுக்கிறீங்களா, பாட்டுப் படிக்கிறீங்களா?"

"ரெண்டும்தான் ஆன்டி, கறி வேணுமா?" என்பாய்.

நீங்கள் மூவரும் துறைமுக வேலைக்குப் போயிருந்த நாளில், பதிவு செய்த நாடாவை நான்தான் பிரிக்பீல்ட்ஸ் கேசட் கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி ஒரு தாளை நீட்டினான். "நாடா வாங்கிக்கிட்டதுக்கு ரசீதுலா அண்ணே. குழுவுக்குப் பெரியவர் நீங்கதானே அண்ணே, கைநாட்டு வைங்க அண்ணே." பெரியவர் என்றதும் நெஞ்சு நிமிர்ந்தது. வைத்தேன்.

கேசட் வந்ததும், "உன் பேரு எங்கடா?" என்று கேட்டேன். அட்டையில் ஒரு வரியைத் தொட்டாய். "இதோ இருக்கு அண்ணே." செலாயாங் பாசாரில் சீன, மலாய் லோரிக்காரர்களிடமெல்லாம் அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினேன். தமிழ் படித்த யாரிடமாவது நீட்டினால் மட்டும் நீ பிடுங்கிக்கொள்வாய். கூச்சம் என்று நினைத்தேன்.

இப்போது நானே படித்தேன். "கித்தார், இசை: ராஜன்." முதலாளியின் அக்கா மகன்! கித்தாரைத் துடைக்கக்கூடத் தெரியாதவன். அன்று முதலாளி கொடுத்து, லோரிப் பையில் கிடந்த தாளின் நகலையும் தேடி எழுத்துக் கூட்டினேன். இசை முழுவதும் கடைக்கே சொந்தம், எந்தப் பெயரும் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அடியில் என் கைநாட்டு.

எனக்குப் படிக்க வராது என்று தெரிந்துதான் அத்தனை அண்ணே போட்டான். த்தூ! அவன் கொடுத்த கோப்பியை வேறு குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நீ கித்தாரைத் தொடவில்லை. "சோம்பேறி, ஒரு கேசட்டோட முடிஞ்சுபோச்சா?" என்று உன் கூட்டாளிகள் முன்னாலேயே ஏசினேன். சாகும்வரை அந்தத் தாளை என்னிடம் மறைத்துவிட்டாய். ஏன்டா? நான் தாங்க மாட்டேன் என்றா? அந்த முதலாளியை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. உன்னை அப்படிச் சொன்ன என் வாயை நினைத்தால் இன்னும் அதிகம்.

உன் கைக்கு வராத இந்தக் கடிதத்தை வேறு யார் படித்தாலும், உங்கள் வீட்டில் அந்தக் கேசட் இருந்தால், ராஜன் என்பதை அடித்துவிட்டு குணா என்று எழுதுங்கள். என்னுடையதில் எழுதிவிட்டேன்.

முதலாளி இன்னும் அதே கடையில்தான் உட்கார்ந்திருக்கிறானாம். வருகிற வாரம் போகிறேன். அந்தத் தாளை அவன் எதிரிலேயே வரி வரியாக வாசிக்கப் போகிறேன். நான் வாசிக்க நேரமாகும், முடியும்வரை கேட்கட்டும். என்ன சொன்னான் என்று வந்ததும் உனக்கு எழுதுவேன்.

உன்னை ஏசிய, உன் அண்ணன்
முனியாண்டி