ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

12 ஜூன் 2024
தன்விகாவுக்குக் காய்ச்சல் விட்டு எட்டு நாள் ஆகிறது. வலது பாதம் இன்னும் தொங்குகிறது. நடந்தால் முன்பாதம் தரையில் இழுபடுகிறது. விரலைத் தூக்கு என்றால் இடது காலைத் தூக்கிக் காட்டிவிட்டு, “இந்தக் காலு சொன்ன பேச்சு கேக்கலம்மா” என்கிறாள். நான்கு வயது.

14 ஜூன்
சேலத்தில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். காய்ச்சலுக்கு மெடிக்கல் கடையில் இடுப்பில் போட்ட ஊசி, காலுக்குப் போகும் பெரிய நரம்பைக் காயப்படுத்தியிருக்கிறதாம். கால் பழையபடி தூக்குமா? “தூக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது.”

நாமக்கல் வரும்வரை இவர், “அந்த மெடிக்கல்காரனை உடமாட்டேன் பாரு” என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். மெடிக்கல் அண்ணன், “சிரப்பே போதுமுங்க” என்றுதான் சொன்னார். மறுநாள் காதுகுத்து. சொந்தபந்தமெல்லாம் வந்துவிடும், காய்ச்சல் உடனே இறங்க வேண்டும். “ஊசியே போட்டுருங்கண்ணா” என்றது நான். அவள் திமிறாமல் இருக்க அமுக்கிப் பிடித்ததும் நான். எம்.எஸ்ஸி. படித்தவள்.

19 ஜூன்
குளிக்க வைக்கும்போது சுடுதண்ணீரை விளாவாமல் மொண்டுவிட்டேன். வலது பாதத்து மேல் விழுந்து சிவந்துபோச்சு. அவள் பாட்டுக்குக் கப்பை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். அழவே இல்லை. அய்யோ, அழுடி தங்கம், ஒரு தடவை அழு...

20 ஜூன்
இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து கோழிப்பண்ணைக்குப் போய்விட்டார்.

22 ஜூன்
இரண்டு நாள் கழித்து இன்றைக்குத்தான் பேசினார். “நானா இருந்தாலும் ஊசிதான் கேட்டிருப்பேன். ஒரு கோழி தும்முனா ஷெட்டுக்கே ஊசி போடற ஆளுக நாம.” சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, “எங்கிட்ட மறைச்ச பாரு அம்மணி, அதுக்குத்தான் பேசல” என்றார்.

மெடிக்கல்காரரிடம் சண்டைக்குப் போகிற பேச்சை இன்றைக்கு எடுக்கவில்லை.

7 ஜூலை
பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள். பிரீத்தி என்கிற பெண், என்னைவிடச் சின்னவள். நரம்புக்குள் இருக்கிற இழைதான் அழிந்திருக்கிறது, உறை அப்படியே இருக்கலாம் என்றாள். அப்படியிருந்தால் அடிபட்ட இடத்திலிருந்து புது இழை கிளம்பி, பழைய உறைக்குள்ளேயே கீழே இறங்குமாம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்.

வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தேன். இடுப்பிலிருந்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் பாதத்தைத் தூக்குகிற தசை வரைக்கும் இருபத்தைந்து சென்டிமீட்டர். இருநூற்றைம்பது நாள்!

என் கால் கட்டைவிரலை அசைத்துப் பார்த்தேன். நினைத்தேன், அசைந்தது. மறுபடி நினைத்தேன். இருபத்தெட்டு வருஷமாக இவ்வளவு பெரிய காரியம் எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

15 செப்டம்பர்
எப்படி எழுதுவது இதை?

பிரீத்தி இன்று தன்வியின் பின்தொடையில் விரலால் தட்டிக்கொண்டே இறங்கினாள். ஓரிடத்தில் தன்வி சிரித்தாள். “அம்மா, பாதத்துல எறும்பு ஓடுது!” குனிந்து பார்த்தேன். எறும்பு எதுவும் இல்லை. அந்தப் பாதத்தை நான் தடவினால் அவளுக்குத் தெரியாது. தொடையில் தட்டினால் பாதம் குறுகுறுக்கிறது.

“இழையோட நுனி இப்ப இங்க இருக்குதுங்கக்கா” என்றாள் பிரீத்தி. அந்த இடத்தில் கண்மையால் ஒரு பொட்டு வைத்தேன். தினமும் அழியாமல் வைத்துக்கொண்டு வரவேண்டும்.

16 அக்டோபர்
எறும்பு ஓடும் இடம், பொட்டுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் இறங்கிவிட்டது.

அவள் தூங்கும்போது, அடம் பிடிக்கும்போது, நான் அழும்போதெல்லாம் அது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. இருட்டில், யாரும் வழி சொல்லாமல்.

3 டிசம்பர்
வலது கால் முழங்காலுக்குக் கீழே மெலிந்துவிட்டது. நரம்பு வந்து சேரும்வரை தசை காத்திருக்குமா? பிரீத்தியிடம் கேட்டேன். “அதுக்குத்தானுங்க தினமும் காலை மடக்கி நீட்டச் சொல்றது” என்றாள். ஆமாம் என்று சொல்லவில்லையே.

21 பிப்ரவரி 2025
“பாதத்தைத் தூக்கு சாமி” என்றாள் பிரீத்தி. தன்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு முயன்றாள். பாதம் அசையவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிரீத்தி என் கையை இழுத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வைத்தாள். “இப்பப் பாருங்கக்கா. பேசாம இருங்க.”

தோலுக்கு அடியில் ஏதோ துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

ஐந்தாம் மாதம் வயிற்றுக்குள் இவள் முதல் தடவை அசைந்தபோதும் இவ்வளவுதான் இருந்தது. அன்றைக்கும் நிஜமா என்று யாரையும் கேட்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இவருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் முட்டை வண்டிக்காரர்கள் சத்தம். “என்னது? துடிக்குதா? கைய எடுத்துப்போடாத, வாரேன்” என்றார். இருபது நிமிஷம் அவர் வரும்வரை கையை எடுக்கவில்லை.

30 மார்ச்
தலை சீவ உட்கார வைத்ததற்குக் கோபம் வந்து அப்பாவை உதைத்தாள். வலது காலால். முன்பாதம் மேலே தூக்கியிருந்தது. இரண்டு பேரும் பார்த்தோம்.

“ஏஞ்சாமி, இன்னொருக்கா ஒதை” என்று இவர் சீப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பெரியவர்களை உதைக்கக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.