அடுப்புக்குப் போன காய்ஞ்ச சுருள்

குவாப்பிலெஸ்,
செப்டம்பர் 22, 1994

அன்பு மகள் சினியாவுக்கு,

அம்மா எழுதுறேன். நீ அந்த நியூ ஜெர்சிக் குளிர்ல வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு மாதாவை வேண்டிக்கிட்டே ஆரம்பிக்கிறேன். இங்க எல்லாரும் சுகம், என்னைத் தவிர. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, பதறாதே. மனசுதான் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது, பீன்ஸ் ரெண்டு தடவை அடிப்பிடிச்சாச்சு, உங்கப்பா தட்டைப் பாக்குறார், என்னைப் பாக்குறார்.

வலைக்கொட்டாயில இந்த வருசம் புதுசா ஒரு ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி வகை வளக்குறோம், ஹூலியான்னு பேரு. அப்பப்பா, என்ன ஓட்டம்! மத்ததெல்லாம் பூவுல ஆற அமரக் குடிக்கும், இது ஒரு வாய் குடிச்சதும் பறந்துடும், ஈர மண்ணுல உக்காரும், நம்ம வேலைக்காரர் எலியேசரோட வேர்த்த கழுத்துல உக்காந்து உப்பு உறிஞ்சும். எம் பொண்டாட்டி கூட இப்படி ஒட்டினதில்லைம்பார் அவர். இதோட புழு தாட்பூட் கொடியைத் தவிர வேற எதையும் தொடாது. மாசக் கடைசியில எரநூறு கூட்டுப்புழுவைப் பஞ்சுல சுத்தி விமானத்துல வெளிநாட்டுக்கு அனுப்பணும். போன மாசம் வாங்குறவர் பாக்க வந்தார். யாராவது வர்றாங்கன்னா எனக்குக் கை சும்மா இருக்காதுன்னு உனக்குத் தெரியாதா. ஆம்பளைங்க ரெண்டு பேரும் டவுனுக்குப் போன நேரம், கொடி பத்திப் பிடிச்சு ஏறுமே, அந்தச் சுருள்ல காய்ஞ்சு தொங்கினதையெல்லாம் பிச்சு அடுப்புல போட்டு, அதுலயே அவருக்குக் காபியும் வச்சேன். கொட்டாய் பளிச்சுன்னு இருக்குன்னு வந்தவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியல.

ரெண்டு வாரமாச்சு, ஒரு புழுவைக் காணோம். எறும்பு உள்ள புகுந்து முட்டையைத் தின்னுடுச்சுன்னு உங்கப்பா முடிவு கட்டினார். ஒரு நாள் கொட்டாய்க் கதவு திறந்து கெடந்துச்சாம், அது எலியேசர் வேலைதான்னு பாய்ஞ்சார். பதினோரு வருசமா ஒரு கதவைச் சாத்தத் தெரியலையா, நாளையிலருந்து வராதேன்னுட்டார். அந்த மனுசன் சுருள் இல்லாம மொட்டையா நின்ன கொடியைப் பாத்தார், என்னைப் பாத்தார், தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். காய்ஞ்சதைத் தொடாதீங்கம்மான்னு முந்தியே சொன்னவர் அவர், சோம்பேறிக்குச் சாக்கு வேணுமேன்னு சிரிச்சவ நான். மூணு நாள் முன்னாடி என் கண்ணாலயே பாத்தேன். ஒரு பொட்டைப் பட்டாம்பூச்சி அத்தனை பச்சை இலையையும் தாண்டிப் போயி, என் கைக்குத் தப்பின ஒரு காய்ஞ்ச சுருள்ல வாலை வளைச்சு ஒத்தை மஞ்சள் முட்டை வச்சிட்டுப் போச்சு. அத்தனை முட்டையும் என் அடுப்புல வெந்திருக்குடி, பழி மட்டும் அந்த மனுசன் தலையில.

இப்ப அவர் வாழைத்தோட்டத்துல மருந்தடிக்கிற வேலைக்குச் சொல்லி வச்சிருக்காராம், திங்கக்கிழமை சேரணுமாம். மாடிப்படி ஏறினாலே மூச்சு இரைக்கிற ஆளு. அவர் சம்சாரம் கடையில என்னைப் பாத்து எப்பவும் போலச் சிரிச்சா, எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. சொல்லிடலாம்னு அப்பா பக்கத்துல போறேன், வாய் வரமாட்டேங்குது. திட்டுவார்னு பயமில்ல. எலியேசரைப் போகச் சொன்னப்ப நான் பாத்துக்கிட்டே நின்னேனே, அதுதான் வெக்கக்கேடு. அதனால இந்தக் கடுதாசியை ஒட்டாம அப்பாவோட காபிக் கோப்பை பக்கத்துல வச்சிட்டு, கோழிக்குத் தீனி போடப் போறேன். படிச்சிட்டு அவரே ஒட்டித் தபால்ல போடட்டும். உன் கைக்கு இது வந்துச்சுன்னா அவர் படிச்சாச்சுன்னு அர்த்தம்.

ஈரக் காலுறையோட வேலைக்குப் போகாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும்.

உன் அம்மா,
ஒதிலியா

சினியா, அப்பா எழுதுறேன். படிச்சிட்டேன். ரெண்டு பேருமா எலியேசர் வீட்டுக்குக் கிளம்பிட்டோம். அன்னிக்குக் கதவைச் சாத்தாமப் போனது நான்தான். உங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல, போற வழியில சொல்லணும்.
மிசாயேல்