மிச்சமிருக்கும் ஒரு செக்

மேற்குத் தாம்பரம்
14.9.1994

அன்பு மச்சானுக்கு,

சித்திகாவின் ஸலாம். இங்கே நானும் பிள்ளை அஜீசாவும் அல்லாஹ்வின் கருணையால் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தைக் கேட்டு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. பதிலே வராத ஆளுக்கு மேலும் மேலும் எழுதுகிறாளே, இவளுக்கு வெட்கமில்லையா என்று நினைத்தால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தபாலை இனி நம்புவதாக இல்லை. படப்பை ஐசக் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை சவூதிக்கு, தம்மாமுக்கே திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் பழைய அறையில் இல்லை என்று தெரியும். போன மாதம் பூத்துக்குப் போய் அங்கே போன் போட்டேன். யாரோ ஒரு மலையாளி எடுத்து, உமர் பிப்ரவரியிலேயே அறையைக் காலி செய்துவிட்டார் என்றார். எங்கே போனார் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. பூத்துக்காரர் நீட்டிய பில்லைப் பார்த்து வயிறு எரிந்தது. எப்படியும் தேடிப் பிடித்துக் கொடுப்பதாக ஐசக் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

பேங்க் விஷயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டு நீங்கள் விமானம் ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. ‘உமர் ரேடியேட்டர் ஒர்க்ஸ்’ பேரில் அந்தக் கரண்ட் அக்கவுண்ட் மட்டும் இன்னும் ஓடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுபது ரூபாய் சார்ஜ் பிடிக்கிறார்கள். ஆயிரத்துக்குக் கீழே போனால் அதற்குத் தனியாக வேறு. கடைசியில் எண்ணூற்றுப் பத்து ரூபாய் நின்றது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் ஆயிரமாக்குங்கள், இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவோம் என்று பேங்கிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

எங்கள் அயூப் அண்ணன், “இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? சேவிங்ஸ்ல போட்டா சார்ஜும் கெடையாது, வட்டியும் குடுப்பான்” என்று கத்துகிறது. அந்த வட்டிக்குத்தானே நீங்கள் பயந்தீர்கள்! வட்டிக் காசு நம் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று, வீட்டுச் செலவுக்கு அனுப்பும் டிராஃப்டைக்கூடக் கடைப் பேரிலேயே எடுத்து அனுப்பினீர்கள். இதை மேனேஜரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நாங்க குடுத்தா வேணாங்கறீங்க, நாங்க புடிச்சா மட்டும் பரவாயில்லையாம்மா?” என்று கேட்டார். இதற்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்கள். அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

கணக்கில் பணம் போட யார் வேண்டுமானாலும் போடலாமாம். எடுக்க மட்டும் உங்கள் கையெழுத்து வேண்டுமாம். புறப்படுவதற்கு முதல் நாள், சோறு ஆறிப்போனதைக்கூடப் பார்க்காமல் இருபத்தைந்து செக்கிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களே. “மாசத்துக்கு ஒண்ணுன்னாலும் ரெண்டு வருசம் ஓடும், அதுக்குள்ள வந்துடுவேன் புள்ள” என்றீர்கள். மாசத்துக்கு ஒன்றாகத்தான் கிழித்தேன், மச்சான். இருபத்து நான்கு போய்விட்டது. ஜனவரிக்குப் பிறகு டிராஃப்டும் இல்லை, கடிதமும் இல்லை.

திங்கட்கிழமை அந்தக் கடைசி செக்கில் எண்ணூற்றுப் பத்து என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அஜீசா பத்தாவது படிக்கிறாள், ஸ்கூலுக்குக் கட்ட வேண்டும். கவுண்டரில் இருக்கும் ஞானசௌந்தரி என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பெண்தான். செக்கைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, இத்த எடுத்துட்டா அக்கவுண்ட்ல ஒண்ணும் நிக்காது, மூடிடுவாங்க. பரவால்லயா?” என்றாள். அப்புறம் டிராஃப்ட் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். கடைப் பேரில் வருவதை வேறு யார் கணக்கிலும் போட முடியாதாம், நீங்கள் நேரில் வந்து புதிதாகக் கணக்குத் திறந்தால்தான் உண்டாம். செக்கை அவளிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் தையல் காசு இருநூறைக் கொண்டுபோய்க் கட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அஜீசா, “அத்தா பணம் போடாத அக்கவுண்டுக்கு நாம ஏம்மா பணம் கட்றோம்?” என்று கேட்டாள். ஓங்கி ஒரு அறை வைத்தேன். பாவம், அவள் கேட்டதில் என்ன தப்பு? அப்புறம் இரண்டு பேருமே அழுதோம். முப்பதாம் தேதி சார்ஜ் பிடித்ததும் மறுபடி ஆயிரத்துக்குக் கீழே போய்விடும் என்று ஞானசௌந்தரி சொல்கிறாள். அதற்கு எங்கே போவேன்? வைத்திருந்தால் எங்கள் காசு கரைகிறது. மூடினால் உங்கள் காசு வர வழியில்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்களாம், போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம், நீங்கள் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டீர்களாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது, அப்படியானால் உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷமே, உங்களை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் தோன்றியது. இரண்டும் பொய்யில்லை.

இத்துடன் இரண்டு பாரம் வைத்திருக்கிறேன். ஒன்று கணக்கை மூட, இன்னொன்று உங்களுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட நீங்கள் சம்மதம் தர. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. எதில் இஷ்டமோ அதில் கையெழுத்துப் போட்டு ஐசக் அண்ணனிடம் கொடுங்கள். அதில் சார்ஜ் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று நான் கேட்கப்போவதில்லை. பழைய கையெழுத்தோடு அச்சாக ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று பேங்கில் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன் மச்சான். கை நடுங்கிக் கோணலாக விழுந்தாலும் சரி, பேர் பாதியில் நின்றாலும் சரி, இந்த மாதம் நீங்கள் போட்டது என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

உங்கள் கைக்கும் காலுக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

உங்கள்
சித்திகா